தட்டல் கேட்டவர்

மேற்கே கடலும் கிழக்கே கால்வாயும் நெருக்க, நடுவே காலி வீதி என்னும் பெருஞ்சாலை வண்டிகளின் இரைச்சலோடு தெற்கு நோக்கி ஓட, அவ்வீதியினின்று கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றும் தன் முடிவில் இருப்புப்பாதையையும் அதற்கப்பால் வெண்ணுரையையும் காட்டி நிற்க, தலைநகரின் வெள்ளவத்தை என்னும் பகுதி அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலில் வெயிலுக்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தது. வெயிலுக்கு மட்டுமோ அஞ்சிற்று? வடக்கே போர் மூண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. தெருமுனைதோறும் மணல்மூட்டைகள் அடுக்கிய காவலரண்கள் இருந்தன. தமிழர் வீடுதோறும் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் உறைவோர் பெயரெல்லாம் அதில் எழுதிக் காவல்நிலையத்தில் முத்திரை பெற்று வைத்திருத்தல் வேண்டும். வடக்கிலிருந்து வந்து ஓரிரவு தங்குவோர் பெயரும் அதில் ஏறியாக வேண்டும். உணவுப் பங்கீட்டு அட்டையைத் தொலைத்தவர்கள்கூட அந்தத் தாளைத் தொலைக்கவில்லை.

கடலுக்கு மூன்று வீடு இப்பால், அத்தகைய ஒழுங்கை ஒன்றில் வாழ்ந்தவர் கனகேஸ்வரி அம்மையார். கணவரை இழந்தவர், இருபத்தெட்டு ஆண்டுகள் பெண்களுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு அவர் வீட்டு முன்னறையில் வாசகர் சிலர் கூடுவர். போர்க்காலத்தில் ஒரு நூலுக்கு ஒரு படியே கிடைத்தது. அதுவே கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் சென்று மீளும். நூலின் ஈற்றில் வெற்றுத்தாள்களை ஒட்டி வைப்பார்கள். படித்தவர் தம் தீர்ப்பை அத்தாள்களில் பெயரிடாமல் எழுதவேண்டும். எல்லாரும் படித்து முடிந்தபின் அம்மையார் அவற்றை உரக்கப் படிப்பார். எழுதியவர் யாரென்று எவரும் கேட்கலாகாது. கையெழுத்தைக் கொண்டே எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு கதை. தெரிந்தும் தெரியாதவர்போல் இருப்பதில் நம்மவர்க்கு இணை எவருமில்லை.

அந்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்டது 'மூன்றாந் தட்டல்' என்னும் எண்ணூறு பக்கப் பெருங்கதை. கோட்டை சூழ்ந்த ஓர் ஊரைக் கொள்ளைநோய் நெருங்குகிறது. கதிரவன் மறைந்தபின் எவர்க்கும் வாயில் திறக்கலாகாது என்பது ஆணை. வாயிற்காவலன் காளத்தி காவலிருக்கும் ஓர் அந்திவேளையில், வெளியூர் சென்றிருந்த அவன் தம்பியின் மகள், சிறுபெண், தனியே வந்து கதவைத் தட்டுகிறாள். அது தம் வீட்டார் தட்டும் முறை என்று காளத்திக்குத் தெரிகிறது. மும்முறை தட்டியும் அவன் திறக்கவில்லை. ஊர் பிழைத்தது. இத்தனையும் முதல் நூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். எஞ்சிய எழுநூறு பக்கங்களும் அவன் அதற்குப்பின் வாழ்ந்த வாழ்க்கை.

வாசகரே, அம்மையாரின் நெஞ்சில் கிடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக் கதை சொல்லுதல் எனக்கு உவப்பன்று. முந்திய ஆண்டு ஆவணியில், கனடாவிலிருக்கும் தமையனிடம் செல்லக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்த தவமலர் என்னும் இருபத்துமூன்று அகவைப் பெண், பழைய மாணவி ஒருத்தியின் ஓலையோடு வந்து அவர் வீட்டில் தங்கினாள். பதினொரு நாள் தங்கினாள், அம்மையாரோடு உண்டாள், இரவில் அவர் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். படிவத்தில் மட்டும் அவள் பெயர் ஏறவில்லை. இரண்டாண்டுக்கு முன் உறவினர் ஒருவர் பெயரை ஒழுங்காக எழுதிக்கொடுத்த குற்றத்துக்கு, மூன்றுமுறை வீடு துருவப்பட்டு, அப்போது பத்தொன்பது அகவையான அம்மையாரின் மகன் ஓரிரவு காவல்நிலையத்தில் இருத்தப்பட்டான். ஆகவே, 'இன்றோ நாளையோ போய்விடுவாள். உறங்கும் நாயை ஏன் எழுப்புவான்' என்று அம்மையார் நாளைக் கடத்தினார்.

பன்னிரண்டாம் நாட் காலை காவலர் வந்தனர். தவமலர் முன்னறையில் 'மூன்றாந் தட்டல்' நூலை விரித்துவைத்து இருந்தாள். படிவத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த தலைவர், இவள் யார் என்று சிங்களத்தில் வினவினார். உள்ளறையில் மகன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான்; அவன் தாளைப் புரட்டும் ஓசை அம்மையாருக்குக் கேட்டது. "புத்தகம் வாங்க வந்த பிள்ளை" என்றார். தவமலர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஓம், புத்தகம் வாங்கத்தான் வந்தனான்" என்று தானும் சொல்லி, படித்த பக்கத்தில் தலைமுடி ஊசி ஒன்றை அடையாளமாக வைத்து, நூலை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு அவர்களோடு போனாள். தங்கியிருந்த வீடு எதுவென்று காட்ட இயலாதவள் என்பதே அவள்மேல் எழுதப்பட்ட குற்றம். அவளுடைய துணிமூட்டை அம்மையாரின் பின்னறையில் இருந்தது.

மார்கழியில் அவள் தாய் அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் என்னும் தாதியின் வீட்டில் ஓர் அறை எடுத்தார். யோசெப்பின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர்; சிறைவாயிலுக்கும் சட்டத்தரணி வீட்டுக்குமாக அலையும் பெண்ணுக்கு ஒரு மாறுதல் ஆகட்டும் என்று அவரையும் அழைத்துவந்தார். வந்தவர் முன்னறையைச் சுற்றிப் பார்த்தபின், "என்ரை பிள்ளையைப் பிடிச்சது இந்த ஒழுங்கையிலை எண்டு சொன்னவை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ, ரீச்சர்?" என்று கேட்டார். கனகேஸ்வரி அம்மையார், "புத்தகம் வாங்க வந்தவள். வேறை ஒண்டும் தெரியாது" என்றார். அவ்வளவில் அன்னபாக்கியம், 'மூன்றாந் தட்டல்' நூலைத் தாமும் படிக்கலாமா என்று கேட்டு வாங்கிச் சென்றார். தையில் அம்மையாரின் மகன் இங்கிலாந்துக்கு விமானம் ஏறிவிட்டான். அதன்பின் அவர் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதபோதும் அவர் வாய் திறக்கவில்லை என்பதுதான், வாசகரே, அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இனி அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கு வருவோம். அன்னபாக்கியம் உட்பட நால்வரும் வந்து அமர்ந்தனர். தீர்ப்புகளைப் படிப்பதற்கு முன்பே வழக்குத் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் எழுத்தராயிருந்த கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற் காவலன் பக்கம் நின்றார். "ஊருக்குள்ளை எண்ணூறு சனம். ஒரு பிள்ளைக்காக எண்ணூறு பேரையும் சாகக் குடுக்கிறதோ? அவன் செய்தது சரியெண்டு நான் சொல்லேல்லை. வேறை வழி இருந்ததெண்டும் சொல்லமாட்டன்."

ஓய்வுபெற்ற நில அளவையாளர் சிவபாதசுந்தரம் நாற்காலியின் கையைத் தட்டினார். "தட்டினது தம்பியின்ரை பிள்ளை எண்டு தெரிஞ்சும் திறக்காதவன் ஒரு மனிசனே? நான் எண்டால் ஆணையும் மண்ணாங்கட்டியும் எண்டு திறந்திருப்பன்!" அவர் குரல் ஒழுங்கை வரை கேட்டது. காவலரண் காதில் விழுந்துவிடும் என்று அஞ்சி யோசெப்பின் எழுந்து சாளரத்தைச் சாத்தினார்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து தாள்களைப் படிக்கலானார். முதலது அறநூல்களை மேற்கோள் காட்டிக் காளத்தியைக் கழுவேற்றியது. அது யாருடையதென்று சொல்லவும் வேண்டுமோ? இரண்டாவது அவனுக்காக வாதாடியது. மூன்றாவதில் இரண்டே வரிகள்: "யார் சரி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் கதவடியில் நின்றிருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்." யோசெப்பின் தரையைப் பார்த்தார்.

நான்காவது எழுத்து அம்மையாருக்குப் பழக்கமில்லாதது. பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போல் உருண்டையாகவும் அழுத்தமாகவும் இருந்தது. வழக்கப்படி தெளிந்த குரலில் தொடங்கினார்.

"வாயிலை அடைத்ததற்கு நான் காளத்தியைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே அவனுக்கும் பிள்ளை இருந்தது. அவன் இடத்தில் நானும் அடைத்திருப்பேன். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் வந்து கேட்டபோது, தட்டல் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நோய் போனது. வாயில் திறந்தது. அதற்குப் பிறகும்..."

அவ்விடத்தில் குரல் நின்றது. அம்மையார் மீண்டும் முயன்றார். 'அதற்குப் பிறகும்' என்னும் சொல்லுக்கு அப்பால் நா எழவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறைகளில் தடுமாறாது படித்த அந்த நா, சோற்றில் கல் கடித்ததுபோல் நின்றுவிட்டது. கடலோரத் தொடர்வண்டி ஒன்று வீட்டை அதிர வைத்துக் கடந்து போயிற்று. கண்ணாடியைக் கழற்றி நூலின்மேல் வைத்துவிட்டு, அவர் அன்னபாக்கியத்தை நோக்கினார்.

"எனக்குத் தட்டினது கேட்டது" என்றார். "உங்கடை மகள் புத்தகம் வாங்க வரேல்லை. இஞ்சைதான் இருந்தவள். பதினொரு நாள். நான் பேர் பதியேல்லை. பதியாமல் விட்டிட்டு, அவள் ஆரெண்டும் தெரியாதெண்டு சொன்னனான்."

அன்னபாக்கியம் அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "தெரியும், ரீச்சர். முதல் முறை பாக்கப் போன அண்டே சொன்னவள். 'ரீச்சருக்கு ஒரு மகன் இருக்கிறான், அம்மா. அவவிட்டைப் போய்க் கேக்காதேங்கோ, அவவாச் சொல்லட்டும்' எண்டவள். மார்கழியிலை நான் கேட்டது, நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்கத்தான். பிறகு உங்கடை மகன் வெளிநாடு போயிட்டார் எண்டு அறிஞ்சன். மாசியிலை வந்தனான். சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் தேத்தண்ணி தந்தியள்."

அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாணம் என்னும் சொல்லை அவர் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதி விளக்கியதுண்டு. அதன் பொருள் அன்றுதான் அவருக்கு விளங்கிற்று.

"சட்டத்தரணி கேக்கிறது ஒரே ஒரு கடிதம்" என்று அன்னபாக்கியம் தொடர்ந்தார். "அவள் இன்ன வீட்டிலை இருந்தவள் எண்டு, வீட்டுக்காரர் சத்தியம் பண்ணித் தரவேணும். கூட ஒரு சாட்சி. குடுத்தால் உங்களையும் விசாரிப்பினம், ரீச்சர். நான் பொய் சொல்லக் கூடாது."

"நாளைக்கே தாறன்" என்றார் அம்மையார். சாட்சி என்ற சொல் அறையில் விழுந்ததும், ஆணையும் மண்ணாங்கட்டியும் என்று முழங்கிய சிவபாதசுந்தரம் மணியைப் பார்த்தார். வீட்டில் மனைவிக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரம் என்றார். வாயிலில் குனிந்து செருப்பை நெடுநேரம் தேடினார். அவரை இகழாதீர், வாசகரே. கதையில் வாயில் திறத்தல் யார்க்கும் எளிது. அவர் சென்றபின் கிளெமென்ற் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எத்தினை மணிக்குப் போகவேணும், ரீச்சர்?" என்று கேட்டார். காளத்திக்காக வாதாடிய அவரே மறுநாட் காலை ஒன்பது மணிக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சாட்சிக் கையொப்பம் இட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை அஞ்சிய அளவு கொடியவையல்ல; எளியவையுமல்ல. அம்மையாரை இரண்டு நாள் காவல்நிலைய வாங்குப் பலகை ஒன்றில் இருத்தி, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டனர். பதியாமைக்காகத் தண்டமும் எச்சரிக்கையும் விதித்தனர். அந்த இரண்டு நாளும் அவர் எண்ணியது ஒன்றே: இதற்கோ இத்தனை திங்கள் அஞ்சினேன்? பின்பு அவ்வெண்ணத்துக்கும் நாணினார். ஏனெனில், மகன் நாட்டில் இருந்திருந்தால் அன்றும் அஞ்சியிருப்பார், அன்றும் அடைத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

ஆடித் திங்கள் முதற்கிழமையில் தவமலர் விடுவிக்கப்பட்டாள். துணிமூட்டையை எடுக்கத் தாயோடு அவள் வெள்ளவத்தைக்கு வந்தபோது பிற்பகல் நான்கு மணி. மெலிந்திருந்தாள், கூந்தலைக் கத்தரித்திருந்தார்கள். மன்னிப்பு என்னும் சொல்லை அம்மையார் எத்தனையோ விதமாய் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்; பெண்ணைக் கண்டதும் ஒன்றும் நினைவில் வரவில்லை. தவமலரோ அவரைச் சங்கடப்படுத்தாமல் நாற்காலியைப் பார்த்தாள்; நூல் அங்கே இருந்தது; தலைமுடி ஊசியும் வைத்த பக்கத்திலேயே இருந்தது. "அம்மா ஒவ்வொரு முறையும் வந்து மிச்சக் கதையைச் சொன்னவ" என்றாள். "ஆனால் சொல்லிக் கேக்கிறது வேறை. இண்டைக்கு இரவு இருந்து படிச்சு முடிச்சிட்டு நாளைக்குப் போகட்டே, ரீச்சர்?"

அம்மையார் எழுந்தார். அலமாரியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார், மேசையில் விரித்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார். தேநீருக்கும் முன்னதாக, இருங்கள் என்று சொல்வதற்கும் முன்னதாக, 'தவமலர்' என்று தம் பெயருக்குக் கீழே எழுதினார். அடுத்த கட்டத்தில் கை நின்றது. பதினொரு நாள் தம் கையால் சோறிட்ட பெண்ணிடம் அவர் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்பாவின்ரை பேர் என்ன, பிள்ளை?"

அவள் சொன்னாள். அவர் எழுதினார். அகவை கேட்டார், ஊர் கேட்டார், அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்குள் நான்கு கட்டங்களும் நிரம்பிவிட்டன. இத்துணைச் சிறிய பணிதான் அது. இதைச் செய்யாமல் விட்டதால் ஒரு பெண்ணின் வாழ்வில் பதினொரு திங்கள் சிறையில் கழிந்தன; அவற்றுள் தொடக்கத்தவற்றை அச்சத்தின்மேல் ஏற்றலாம்; மகன் போனபின் கழிந்தவற்றை ஏற்றுவதற்கு அம்மையார் தம்மைத் தவிர வேறு எவரையும் காணவில்லை. தாளை எடுத்துக்கொண்டு, முத்திரை பெறுவதற்காக, வெயில் தாழுமுன் அவர் தாமே காவல்நிலையத்துக்கு நடந்தார். பின்னால் முன்னறையில் தவமலர் ஊசியை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.