அவிழ்க்காத ரிப்பன்

கடைத்தெரு நடைக்குழுவுக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. முன்னால் போகிறவர் மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வருகிறவர் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காட்டில் குப்பை சேரக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அப்படியானால் திரும்பி வர நேர்ந்தால் என்ன கதி என்று எவரும் கேட்டதில்லை. பெரியக்கா முன்னால் போகும்போது அப்படி நேர்ந்ததே இல்லை. இரண்டாவது சட்டம், முன்னால் போகிறவர் காட்டுவதுதான் வழி. மருந்துக்கடைக்காரர் மட்டும் அவ்வப்போது போனை எடுத்து வரைபடம் பார்ப்பார். அதில் காடு முழுக்க ஒரே பச்சையாக இருக்கும். நடுவில் ஒரு நீலப்புள்ளி, அதுவும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ரிப்பன், பெரியக்காவும் அவள் தங்கையும் நடத்தும் கடையிலிருந்து வந்தது. நூல், பட்டன், ஜிப், லேஸ் விற்கும் தையல் சாமான் கடை. ரோலின் கடைசியில் விற்க முடியாமல் மிஞ்சும் துண்டுகளைப் பெரியவள் குழுவுக்கென்று எடுத்து வைப்பாள். எப்போதும் சிவப்புதான். காட்டில் சிவப்பு பளிச்சென்று தெரியும் என்பாள்.

அந்தச் சிவப்புதான் இப்போது அவளுக்குத் தெரியவில்லை. துணித் துண்டைக் கவுன்டரில் வைப்பதற்குள்ளேயே எந்த நூல் பொருந்தும் என்று கையை நீட்டுகிறவள், ஒருநாள் அரக்குச் சேலைக்குக் காப்பிக்கலர் நூலைக் கொடுத்தாள். "இந்த லைட்டே சரியில்ல" என்று விளக்கைத் திட்டினாள். விளக்கை மாற்றினார்கள். புது விளக்கும் திட்டு வாங்கியது. கடைசியில் சின்னவள் அவளை விடாப்பிடியாகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்துவிட்டது, ஊசி போட்டால் மேலும் பரவாமல் ஓரளவு தடுக்கலாம், போனது போனதுதான் என்றார் டாக்டர். ஓரத்தில் இருப்பது தெரியும். நேரே பார்த்தால் மறைந்துவிடும்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போதே பெரியவள் சொல்லிவிட்டாள்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். கடையில நீ சமாளிச்சுப்பே. ஆனா மலை எனக்கு வேணும். இந்தக் கூட்டத்துக்குத் தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கு நான் வீட்டுலயே கிடப்பேன்."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"அந்த வழியை நான் கண்ணை மூடிட்டுப் போவேன்டி."

சிரிப்பதா அழுவதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுப்பது எளிது. பின்னால் எட்டுப் பேர் நடந்து வருவார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

எனவே அடுத்த நடைக்கான விடுமுறை நாள் காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து ரோலிலிருந்து ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டித் தன் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டாள். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, காட்டுக்குள் நுழையும் இடத்தில் பெரியவள் முதல் மரத்தில் முதல் ரிப்பனைக் கட்டினாள். எப்போதும் போல வலப்பக்கம், தோள் உயரத்தில், நீண்ட வால் போகும் திசையைப் பார்த்திருக்கும்படி. எல்லோரும் கடந்து போனபின், கடைசியில் வரும் சின்னவள் அந்த மரத்தருகே வந்தாள். கை முடிச்சுவரை போனது. அவிழ்க்காமல் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு எந்த மரத்திலும் கையைத் தூக்கவே இல்லை. யாராவது திரும்பிப் பார்த்தால் அவிழ்த்தது போலத் தெரிவதற்கு, பையிலிருந்து ஒரு துண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் நடந்த சாவிக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். ஊர் வீட்டுப் பூட்டையெல்லாம் திறந்து பார்த்தும் வாயைத் திறக்காத மனிதர்.

ஓடைவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெரியவளின் கால்கள் வழியை மறக்கவில்லை. ஆனால் ஓடைக்கு அக்கரையில் பாதையே இல்லை. கரையை மழை வாரிக்கொண்டு போயிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதற்கு இடப்பக்கம் புதரில் ஓர் இடைவெளி, வலப்பக்கம் ஓர் இடைவெளி.

பெரியவள் கோழி பார்ப்பது போலத் தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றாள். பார்வையின் ஓரத்தால் துழாவுகிறாள் என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"பெரியக்கா காத்து எந்தப் பக்கம்னு கேக்கறாங்க" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் தன் மனைவியிடம் பயபக்தியோடு கிசுகிசுத்தார்.

"வலது பக்கம் கொஞ்சம் தேய்ஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது ஏதோ மாடு போன தடம். இப்படி வாங்க."

இடப்பக்கம் நடந்தார்கள். ரிப்பன் மரத்துக்கு மரம் ஏறிக்கொண்டே போனது. கொடிகள் காலைப் பின்னின. மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் வந்தது. வெயில் முதலில் முதுகில் அடித்தது, பிறகு முகத்தில் அடித்தது. அதைச் சின்னவள் கவனித்தாள், வேறு சிலரும் கவனித்திருக்கலாம். முன்னால் போகிறவரிடம் கேட்கும் வழக்கம் இல்லாததால் எல்லோரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மௌனமாக நடந்தார்கள். மேற்கே மேகம் கறுத்தது. மழை பிடித்துக்கொண்டால் ஓடையைத் தாண்ட முடியாது, ராத்திரி முழுக்கக் காட்டில்தான்.

ஒரு வளைவு திரும்பியதும், பெரியவளின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரத்தில் சிவப்பு ரிப்பன் இருந்தது. அவள் கட்டியதே. அவள் அதைக் கடந்து போனாள். அடுத்த மரத்தடியில் நின்று, பையிலிருந்து ரோலை எடுத்து, நிதானமாகப் புது ரிப்பன் ஒன்றைக் கட்டத் தொடங்கினாள்.

பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரரின் வாய் திறந்தது. அவர் ஏதாவது சொல்வதற்குள் சின்னவள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"அக்கா, அது நான் அவிழ்க்காம விட்டது. என் தப்பு."

பெரியவள் திரும்பவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எது?"

வேறு ஒன்றும் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கேட்ட பிறகுதான் பெரியவளுக்கே தான் என்ன கேட்டுவிட்டோம் என்று புரிந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. சின்னவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"சுத்தி வந்துட்டமா?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஆமா."

"எங்கேருந்து அவிழ்க்காம விட்டே?"

"ஓடையிலேருந்து."

"அதுவரைக்கும் அவிழ்த்தியா?"

"அவிழ்த்தேன்." புடைத்திருந்த பையைத் தட்டிக் காட்டினாள்.

பெரியவளின் முகம் கொஞ்சம் இளகியது. "சரி. ஓடை வரைக்குமாவது நம்பியிருக்கே."

ரோலைத் தங்கையின் கையில் வைத்தாள். "வாலுக்கு எதிர்ப்பக்கமா போனா ஓடை வரும். நீ முன்னால போ. நான் கடைசியில வரேன். ஒண்ணுகூட காட்டுல இருக்கக் கூடாது."

எப்படி அவிழ்ப்பாய் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. சாவிக்காரர் மட்டும், கேட்காமலே, அவளுக்கு முந்தின ஆளாகப் போய் நின்றுகொண்டார். ரிப்பன் இருக்கும் மரத்தைத் தன் கம்பால் ஒருமுறை தட்டுவார். டொக். பெரியவள் அங்கே போய், தோள் உயரத்தில் தடவி, முடிச்சை அவிழ்ப்பாள். இப்படியே ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்தார்கள். பெரியவளும் பிடித்துக்கொண்டாள், எல்லோரும் பிடித்ததால்.

இக்கரைக்கு வந்ததும் சின்னவள் நின்றுவிட்டாள். எதிரே முதல் மரத்தில் ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பாலும். பிய்த்துப் போட்டுவிடலாமா என்று கையைத் தூக்கினாள்.

"அட, இங்கேயும் இருக்கே!" என்று பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் உற்சாகமாகக் கத்தினார். "கெட்டிக்காரி சின்னக்கா நீங்க. எதையும் அவிழ்க்கவே இல்லையா?"

அவருக்கு மருந்துச் சீட்டை மட்டும்தான் கவனமாகப் படிக்கத் தெரியும்.

சின்னவள் நடந்தாள். பின்னால் காதை விட்டுவிட்டு நடந்தாள். சாவிக்காரர் தட்டாமல் விட்டுவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. உண்மையிலேயே சத்தம் வரவில்லை. பிறகு பெரியவளின் குரல் கேட்டது.

"ஏன் நின்னுட்டீங்க? தட்டுங்க."

டொக்.

ரோடுவரை அந்தச் சத்தம் விடவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு முடிச்சு அவிழும் நேரம். சின்னவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மழைத்துளி விழத் தொடங்கியபோது வண்டி தெரிந்தது. எல்லோரும் ஓடிப்போய் ஏறினார்கள். காட்டின் வாசலில் இருந்த அந்த முதல் மரத்தைச் சாவிக்காரர் தட்டவில்லை. தட்ட மனம் வரவில்லையோ என்னவோ. பெரியவளே நேராக அதனிடம் போனாள், கையை உயர்த்தினாள், ரிப்பன் இருந்தது. மழையில் நின்று அவிழ்த்தாள்.

வண்டியின் பின்சீட்டில் சகோதரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவள் ரிப்பன்களை ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து நீவிச் சுருட்டினாள். பிறகு ஒன்றும் கேட்காமல் தங்கையின் பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து விரலால் உருவிப் பார்த்தாள்.

"முடிச்சு விழுந்த மடிப்பே இல்ல இதுல. புது ரோலா?"

"மிச்சம் இருந்ததுதான்."

"ம்."

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலக்கா. சத்தியமா."

"நீ எதுக்குச் சொல்லணும்? மரத்துக்கு மரம் விட்டுட்டு வந்திருக்கே."

சின்னவளின் கண் நிறைந்தது. அதை அக்காவால் பார்க்க முடியாது என்று நினைத்தபோது இன்னும் நிறைந்தது. முன்சீட்டில் மருந்துக்கடைக்காரர்கூட போனை உள்ளே வைத்திருந்தார். வண்டி வளைவில் இறங்கியது. பெரியவள் கடைசித் துண்டையும் சுருட்டி முடித்து, சுருளைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"அடுத்த தடவை சிவப்பு வேணாம்" என்றாள். "மஞ்சள் எடுத்துட்டு வா. மஞ்சள் இன்னும் கொஞ்சம் தெரியுது."