இரண்டு பொய்களும் ஒரு சைட்பாடும்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைக் குறிப்பாகத்தான் பிறந்தது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு பந்தயக் கார் குழுவுக்குப் பத்திரிகைக் குறிப்புகள் எழுதிப் பிழைக்கிறவன் நான். "எங்கள் புதிய காரின் சைட்பாட், காற்றியலில் ஒரு" என்று தொடங்கினேன். ஒரு என்ன? புரட்சியா? போன வருடமும் புரட்சிதான்; கடைசியாக வந்தோம். வாக்கியம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. கடுப்பில் உண்மையை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(சைட்பாட் என்றால், ஓட்டுநருக்கு இருபுறமும் கன்னம் உப்பினாற்போல் இருக்குமே, அது. உள்ளே ரேடியேட்டர். வெளி வளைவுதான் காற்றைப் பின்பக்கம் ஒழுங்காக அனுப்பிவைக்கும். வளைவு கெட்டால் கார் தரையைப் பிடிக்காது. இதற்குமேல் எனக்கும் தெரியாது.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். இங்கே அது செய்தியே இல்லை.

இரண்டாவது: "இமோஜென் பாஸ்கோவின் நீலக் கண்கள்". அடித்தது நானில்லை, அவளேதான். எங்கள் காற்றியல் பிரிவின் தலைவி. என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"எழுத்தாளரே, சைட்பாட் கதைதானே எழுதுறீங்க? அதை வர்ணிங்க. என் கண்ணை விட்டுடுங்க."

சரி. இரண்டு வருடம் அவள் இழைத்து இழைத்துச் செய்தது அது. அடிப்பாகம் உள்வாங்கி, மேல்பாகம் பின்னோக்கிச் சரிந்து இறங்கும். விசிறியால் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்த்தபோது எண்கள் எல்லாம் ஏறின. வருகிற முதல் பந்தயத்தில் அது ஓட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

3

காரை அறிமுகம் செய்யும் நாளில் எங்கள் தொழிலில் எவனும் நிஜ சைட்பாடைக் காட்டமாட்டான். அடுத்த குழுக்காரன் கேமராவோடு நிற்பான் அல்லவா? ஒரு போலியை மாட்டிக் காட்டுவோம். எங்கள் போலியை இமோஜென் ஒரே மதியத்தில் பலகையில் அறுத்தாள். அதன்மேல் எங்கேயும் போகாத ஒரு பிளவு. ரம்பம் வழுக்கி, இடதுபுறம் கோணலாகிவிட்டது.

"இருக்கட்டும் விடுங்க. இதை எந்த முட்டாளும் நம்பப்போறதில்ல," என்றாள்.

மறுநாள் பக்கத்து ஊர்க் குழு தன் காரைக் காட்டியது. (அவர்கள் சாம்பியன்கள். இரண்டு குழுவும் ஒரே பப்பில், முறைத்துக்கொண்டே குடிப்போம்.) அவர்கள் சைட்பாடின் மேல் ஒட்டகத் திமில்போல் ஒரு மேடு. எங்கள் தலைவர் டெஸ்மண்ட் தோர்லி படத்தைப் பார்த்துப் பேயறைந்தவர்போல் ஆனார்.

"உன் சைட்பாடை ஓரமா வை. இந்தத் திமிலைச் செய்."

"அது போலியா இருந்தா? நாமளும் போலியைத்தானே காட்டினோம்?"

"நாம காட்டுவோம், சரி. அவங்க சாம்பியன்மா! அவங்களுக்கு எதுக்குப் போலி?"

செய்தாள். சுரங்கத்தில் வைத்தாள். திரும்பி வந்தாள்.

"காத்து அந்த மேட்டுல மோதிச் சிதறுது டெஸ்மண்ட். பிடிப்பே இல்ல."

"காத்துக்கு இன்னும் பழகல. நாலு நாள் விட்டுப் பாரு."

4

டெஸ்மண்டை இவ்வளவு மடையராக எழுதலாமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நியாயம் செய்வோமென்று, நானூறு பேர் வேலை அவர் தலையில் இருப்பதையும், பயத்தில் அவர் தூங்குவதில்லை என்பதையும் ஒரு பத்தி எழுதினேன். எல்லாம் உண்மைதான். திமிலுக்குத் தங்கக்கோடு போடச் சொன்னதும் உண்மைதானே, என்ன செய்ய? பத்தியை எடுத்துவிட்டேன்.

5

பார்சிலோனாவில் சோதனை ஓட்டம். எங்கள் கார் திமிலோடு வெளியே வந்தது. பக்கத்துக் கராஜின் கதவு திறந்தது. சாம்பியன்களின் காரில் திமில் இல்லை. மேலே ஒரு பிளவு. எங்கேயும் போகாத பிளவு. இடதுபுறம் கோணல்! ரம்பம் வழுக்கியதைக்கூட விடாமல் கார்பன் இழையில் நகலெடுத்திருந்தார்கள், புண்ணியவான்கள்.

இரண்டு கார்களும் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டன. இமோஜென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டயர் அடுக்குக்குப் பின்னால் போய் அழுதாள். அதைக் குறிப்பில் போட முடியாது.

6

திங்கட்கிழமை, கேன்டீன். யாருக்கும் ஒரு டீ வாங்கித் தராத டெஸ்மண்ட், அவளுக்குப் பன்றிக்கறி வைத்த பன் ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏம்மா, நம்ம சைட்பாடை முதல் பந்தயத்துக்கே ஏத்திடலாம்."

"நம்மளுதா? போன வாரம் வரைக்கும் என்னுது."

"குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது? திமில் உன் தப்பு, இது என் யோசனைன்னு சொல்லிக்கிறேன். பத்திரிகைக்காரங்க வாயை அடைக்கணும்ல? ஒண்ணும் நினைச்சுக்காதே."

அப்போது அவள் போன் அடிக்கிறது. பக்கத்து ஊர்க் குழுவின் தலைவர். வேறெதற்கு, வேலைக்குக் கூப்பிடத்தான்.

(குழு மாறுகிறவர்கள் ஒரு வருடம் வேலை செய்யாமல் வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒப்பந்தம் அப்படி. அதற்குள் இந்த சைட்பாட் பழங்கதை ஆகிவிடும். அவள் இல்லாமல் இங்கே அதை முடித்து ஓடவைக்கவும் ஆளில்லை.)

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதியிருந்தேன். இமோஜென் படித்தாள், இரண்டையும் அடித்தாள்.

"ரெண்டுலயும் நான் பிரமாதமா வசனம் பேசுறேன். அந்த நேரத்துல எவளுக்கு வசனம் வரும்?"

ஆகவே வாசகரே, போன் உங்கள் கையில். எடுத்தால் அவள் மானம் பிழைக்கும். அவள் இழைத்த அந்த வளைவு ஒருநாளும் ஓடாது. எடுக்காவிட்டால் அது ஓடும், ஜெயிக்கவும் கூடும். அதை உருவாக்கியவர் டெஸ்மண்ட் தோர்லி என்று ஊருக்கெல்லாம் எழுதப்போகிறவன் நான்.