சோழர் காலத்துக்குப் பிறகு வந்த செங்கமலம்

1.

இந்தக் கதை நெய்வேலியில் ஒரு பாராட்டு விழாவில், பொன்னாடைகளுக்கு நடுவே எனக்குக் கிடைத்தது. பாராட்டப்பட்டவர் வரலாற்றுப் பேராசிரியர் முனைவர் ஃபெலிக்ஸ். கோயிலுக்கு நிலம் கொடுக்கும்போது உழுதவர்களை வெளியேற்றியதைச் சோழர் கல்வெட்டுகள் 'குடிநீக்கி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கின்றன. அந்தச் சொல்லை ஆராய அவர் வாழ்நாளையே கொடுத்தார். (வெளியேறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை. இவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.)

2.

முதல் தொடக்கம்: 'நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துக் கிராமத்தின் செம்மண்மேல் சூரியன்...' வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: 2014. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறார்கள். வடக்குத்தில் ஃபெலிக்ஸ் கட்டிய வீட்டுக்கு எதிரிலுள்ள புன்செய்க் கொல்லையில் செங்கமலம் குத்தகைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறார். பட்டா வேறொருவர் பேரில். பயிரிட்டது செங்கமலம்தான் என்று விசாரணையில் யாராவது சொன்னால், அவர் மகன் வளவனுக்குச் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் வேலையாவது கிடைக்கலாம்.

இது பரவாயில்லை.

3.

களை கொத்திக்கொண்டிருந்த களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு, வாக்கிங் வந்த ஃபெலிக்ஸைச் செங்கமலம் மறித்தார்.

"சார், நான் மல்லாட்டைக்குக் களையெடுத்துகினு இருக்கறத தினம் பாக்கறீங்கல்ல? அத ஆபீசருகிட்ட வந்து சொன்னா போதுங்க."

"பார்த்திருக்கேம்மா. ஆனா வாய்மொழிச் சான்று பலவீனமானது. கல்வெட்டு, செப்பேடுன்னு ஏதாவது இருக்கா?"

"மல்லாட்டக் கொல்லையில கல்ல நட்டா வெளையுங்களா?"

"அதுவுமில்லாம, என் ஆய்வு சோழர் காலத்தோட முடிஞ்சிடுது."

"அவங்கல்லாம் செத்துப்பூட்டாங்க சார். எனக்குத்தான் செவ்வாக்கிழம விசாரண."

[இங்கே 'ஃபெலிக்ஸ் வெட்கித் தலைகுனிந்தார்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவரை வில்லனாக்கவும் முயன்றேன். அதற்கும் மனிதர் ஒத்துழைக்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததைக்கூட உண்மையாகவே நம்பாதவர் அவர். மாணவர்களுக்கும் அதைத்தான் கற்பித்தார்.]

4.

முடிவு ஒன்று: ஃபெலிக்ஸ் சாட்சி சொல்கிறார். வளவனுக்கு வேலை. எல்லோருக்கும் டீ. இவ்வளவு இனிப்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

முடிவு இரண்டு: அவர் போகவில்லை. பிறகு 'இக்காலக் குடிநீக்கம்' என்று ஒரு கட்டுரை எழுதுகிறார். அதன் அடிக்குறிப்பில் செங்கமலம் 'ஒரு தகவலாளி' ஆகிறார். கருத்தரங்கில் கைதட்டல். இது என் கிண்டலுக்கு வசதியானது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

5.

செவ்வாய்க்கிழமை.

"இந்தம்மா பயிர் வச்சத பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஆபீசர் கேட்கிறார். செங்கமலம் திரும்பிப் பார்க்கிறார். ஃபெலிக்ஸ் வந்திருக்கிறார், கடைசி வரிசையில். எழுந்து, தொண்டையைச் செருமி, அவர்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடித்தால் அது புனைவு, விசாரணையில் எடுபடாது. ஆபீசர் அடுத்த பெயரைக் கூப்பிடத் தயாராகிவிட்டார்.

வாசகரே, களைக்கொட்டு கீழே விழுந்தபோது நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்? சொல்லுங்கள்.