படம் மாறவில்லை

நோய் வந்ததைக்கூட மார்க்கண்டர் பொறுத்திருப்பார்; அது ஆள் மாறி வந்ததுதான் அவருக்குப் பிடிபடவேயில்லை. நாற்பத்தெட்டு வருடமாகச் சுருட்டுக் குடிப்பவர் அவர். சுவாசப்பையில் கட்டி என்று கடதாசி வந்ததோ மனைவி அன்னபூரணத்துக்கு. இருமலென்று இரண்டு பேரும் ஒரே நாளில்தான் தங்கள் ஊர் சரவணையிலிருந்து பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப்படம் எடுத்தார்கள். இவருடைய படம் சுத்தம். எவனோ ஒரு மடையன் படத்தை மாற்றிவிட்டான் என்று மனுசன் முடிவுகட்டிவிட்டார்.

அன்று அன்னபூரணத்தை வெளி வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, டொக்டர் தனுசியாவின் அறைக்குள் சண்டைக்குப் போகிறவர்போலப் போனார்.

"பிள்ளை, படம் மாறுப்பட்டுப் போச்சு. அந்தக் கட்டி என்ரை."

"இல்லை ஐயா. கட்டியிலை ஊசி போட்டு எடுத்த சதையையும் சோதிச்சாச்சு. அம்மாவுக்குத்தான். சளி சுரக்கிற கலங்களிலை, அந்த 'செல்'லுகளிலை தொடங்கின புற்றுநோய்."

"அவள் என்ன, சுருட்டுக் குடிக்கிறவளே?"

"குடிக்காத ஆக்களுக்கும் வரும் ஐயா. பக்கத்திலை இருக்கிறவையின்ரை புகை, அடுப்புப் புகை, எல்லாம் கலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழுதாக்கும். பெருகிறதை எப்ப நிப்பாட்டிறது எண்டு அந்தக் கலத்துக்கு ஒருநாள் தெரியாமப் போயிடும். சிலருக்கு ஒரு காரணமும் பிடிபடாது."

"அப்ப என்ரை கலம் ஏன் பழுதாகேல்லை?"

"அது எங்களுக்கும் முழுசா விளங்கேல்லை." டொக்டர் பேனையை எடுத்தார். "அம்மா ஒருநாளும் புகைச்சதில்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சீ! எங்கடை வீட்டுப் பொம்பிளையைப் பற்றிக் கேக்கிற கேள்வியே இது?"

டொக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் அன்னபூரணம், "என்னவாம்?" என்று கேட்டார்.

"படம் மாறுப்பட்டுப் போச்சாம்."

முழுப்பொய். சொன்னபிறகு அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவருக்கு அழுகை வந்தது. தனக்கு வந்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவள் இல்லாத வீட்டில் தேயிலை எந்தப் போத்தலில் சீனி எந்தப் போத்தலில் என்றுகூட அவருக்குத் தெரியாது. தன் புகைதானோ, அடுப்போ, ஒன்றுமேயில்லையோ? பண்ணைப் பாலம் நெடுகிலும் யோசித்தார். தலை சுற்றியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் விழுந்ததும் வாய் தன்பாட்டில், "அன்னம், ஒரு சுருட்டு" என்றது. கேட்டபிறகுதான் வெட்கமாக இருந்தது. இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எழும்பிக் குசினிக்குப் போனார். சுருட்டுக்காகக் குசினிவரை அவர் நடந்த முதல் நாள் அது. மற்ற நாளெல்லாம் அது புகைந்தபடி அவர் கைக்கு வந்துவிடும்.

அன்னபூரணம் அடுப்படியில் குந்தியிருந்தார். வாயில் சுருட்டு. கொள்ளிக்கட்டையை அதன் நுனியில் பிடித்து, கன்னம் குழிவிழ ஒருதரம் இழுத்தார். பிடிக்கவில்லை. இன்னொருதரம் ஆழமாக இழுத்தார். நுனி சிவந்தது. இருமி இருமிப் புகையை விட்டுவிட்டு, எச்சில் பட்ட பக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து அவரிடம் நீட்டினார்.

மார்க்கண்டர் வாங்காமல் நின்றார். ஒரு நாளைக்கு நாலு சுருட்டு. இது குடிக்கிறதா, மூட்டுகிறதா? டொக்டர் கேட்டது இதைத்தானா?

"அன்னம், நீர் எவ்வளவு காலமா இப்பிடி மூட்டித் தாறனீர்?"

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து. ஏன் கேக்கிறியள்?" அவர் முகத்தைப் பார்த்து அன்னபூரணம் பதறிப்போனார். "வடிவாப் பிடிக்கேல்லையோ? கொண்டாங்கோ, இன்னும் ஒருக்கா இழுத்துத் தாறன்."