கடுகு தலை சாய்க்கவில்லை

கடுகு உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் நடைமேடை. காலை ஏழு இருபத்திரண்டு. பயணிகள் பெஞ்சுக்கு முன்னால் முன்னங்கால்களை ஊன்றி, வாலைக்கூட அசைக்காமல், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாய் உட்காருவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடுகு விஷயத்தில் நிறைய இருக்கிறது. அது வெடிமருந்து மோப்ப நாய். குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது, வாடை கிடைத்தால் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். இந்த ஒரே ஒரு உட்காரலுக்குத்தான் ஒன்றரை வருஷப் பயிற்சி.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன்தான் கடுகை வேலைக்குக் கூட்டிவருபவன்; வேலை முடிந்தால் அது தங்குவதும் அவன் வீட்டில்தான். எந்நேரமும் நாய்க் கயிறும் கையுமாகவே திரிவதால் நிலையத்தில் அவனுக்குப் பெயரே கயிறுதான். சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

பெஞ்சில் பட்டைச் சட்டை போட்ட ஓர் ஆள். அவன் காலடியில் நீலப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில், பெஞ்சுக்கு அடியில், வாய் கட்டிய ஒரு கித்தான் பை. பட்டைச் சட்டையின் கையில் ஃபோன். அதைக் கடுகின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். முகமெல்லாம் பல்.

“உக்காந்துருச்சு! அப்படியே வீடியோல மாதிரியே உக்காந்துருச்சு! சார், இது கடுகுதானே?”

கயிறுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன வீடியோ?”

“என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? என் பொண்ணு இதைப் பாக்காம பல்லு விளக்க மாட்டா. இடது காதுல பாருங்க, கிழிஞ்ச மாதிரி ஒரு வெட்டு. உலகத்துல வேற எந்த நாய்க்கு இருக்கு?” அவன் ஃபோனை ஆட்டினான். “கடுகு! கடுகுக் குட்டி! இங்க பாரு! அட, இங்க பாருங்குறேன்... ஏன் சார் சாய்க்க மாட்டேங்குது?”

“எது?”

“விடுங்க, மூடு இல்ல போல. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

திரையில் ஒரு சமையலறை. தரையில் பச்சை ஓடு, அதில் ஒன்று மட்டும் மூலை உடைந்தது. மூன்று வருஷமாக மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று கயிறு தன் வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஓடு. அதன் மேல் கடுகு. ஓரத்திலிருந்து பிஸ்கட்டோடு ஒரு கை நீண்டது. சிவப்புக் கண்ணாடி வளையல். மனைவிக்கு அதை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

கீழே ஓர் எண். நாலு லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். வீட்டுக்காரனைத் தவிர ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று.

போன வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. டிக்கெட் கூடத்தில் ஒரு கல்லூரிப் பெண் முன்னால் கடுகு இப்படித்தான் உட்கார்ந்தது. கூடத்தைக் காலி செய்து, இரண்டு ரயிலை நிறுத்தி, கவசம் போட்டவர்கள் வந்து அவள் பையைத் திறந்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தன. அவள் கையிலும் ஃபோன் இருந்தது. அப்போது அதை யார் கவனித்தார்கள்?

அன்று மாலை நிலையப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். ரயில் நேரங்களைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு டைம்டேபிள் என்று பெயர். “யோவ் கயிறு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாயும் போகும், நீயும் போவ. அது கொட்டில்ல கிடக்கும். நீ வாசல்ல நின்னு சைக்கிளுக்கு டோக்கன் கிழிக்கலாம்.”

இப்போது கடுகு எதற்கு உட்கார்ந்திருக்கிறது? பைக்கா, ஃபோனுக்கா?

“இந்தப் பை யாரோடது?”

“பக்கத்துல இருந்தவரோடது. டீ குடிச்சிட்டு வரேன், பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனார். ஏன் சார்?”

“ஒண்ணுமில்ல. ஃபோனை அணைச்சுப் பையில போடுங்க. பெட்டியை எடுக்க வேணாம். அந்தத் தூணுக்குப் பின்னாடி வாங்க. ஓடக் கூடாது. சிரிச்சிக்கிட்டே வாங்க.”

பட்டைச் சட்டை சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். நாலு எட்டு வைத்ததும் விஷயம் உறைத்தது. வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் அழப் போனது. கயிறு பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்களையும், “பெயிண்ட் அடிக்கப் போறாங்க, அந்தப் பக்கம் போங்க” என்று கிளப்பிவிட்டான். கடுகையும் கூட்டிக்கொண்டு நாற்பது தப்படி தள்ளி, தூண் மறைவுக்கு வந்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு இருபத்து நான்கு. ஏழு முப்பத்து மூன்றுக்கு விரைவு ரயில் வரும். எண்ணூறு பேர் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் இறங்குவார்கள்.

“என்னங்க, இந்நேரத்துல?”

“பச்சை ஓடு. பிஸ்கட். வீடியோ. எப்ப இருந்து?”

அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

“ஒரு மாசமா. நீங்க நைட் டூட்டி முடிச்சுத் தூங்குறப்ப. நானும் அதுவும் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். ஒரு நாள் டப்பா மூடி கீழ விழுந்துச்சு, அது தலைய சாய்ச்சுப் பாத்துச்சு. அழகா இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். உங்க மூஞ்சிய ஒரு தடவைகூடக் காட்டலைங்க, சத்தியமா...”

“என் மூஞ்சி கிடக்கட்டும். எப்படி உக்கார வச்ச? வரிசையாச் சொல்லு.”

“ஃபோனைத் தூக்குவேன். உக்காரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஃபோனையே பாக்கும். ‘கடுகு’ன்னு கூப்பிட்டா தலைய இடது பக்கம் சாய்க்கும். சாய்ச்சாத்தான் பிஸ்கட்.”

“சாய்க்காம சும்மா உக்காந்தா?”

“கிடையாது. அதுக்கு அது நல்லாத் தெரியும். ஃபோனைப் பாத்து உக்காந்துட்டுச் சாய்க்காம இருந்ததே இல்ல. ஏங்க, என்ன ஆச்சு? நான் ஏதாவது...”

அவன் வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை கடுகு தலையைச் சாய்த்தது. காதில் அரிப்பு என்று நினைத்திருந்தான். இன்றைக்கு? பட்டைச் சட்டை ஃபோனை ஆட்டி, பெயர் சொல்லி, குட்டி என்று கொஞ்சி, எல்லாம் செய்து பார்த்தான். ஏன் சார் சாய்க்க மாட்டேங்குது என்று அலுத்துக்கொண்டான். கடுகின் கண் ஃபோன் பக்கமே போகவில்லை. மூக்கு பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தான். “மூணாம் நடைமேடை. நாய் உக்காந்திருக்கு. கித்தான் பை. காலி பண்ணணும். எக்ஸ்பிரஸை வெளி சிக்னல்லயே நிறுத்தணும்.”

பதில் வரவில்லை. ஆளே வந்தார். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்த டைம்டேபிளுக்கு மூச்சு வாங்கியது.

“யோவ், உனக்கு என்ன வாரா வாரம் நேர்த்திக்கடனா? ஏழு முப்பத்து மூணு வண்டியை நிறுத்தினா அதுக்குப் பின்னால ஏழு நாப்பத்தொண்ணு, ஏழு அம்பத்தாறு, எல்லாம் வரிசையா நிக்கும். மேல இருக்கிறவன் என்னைப் பிடிச்சு உலுக்குவான். உறுதியாச் சொல்லு. பையில இருக்கா, இல்ல செருப்பா?”

“இருக்கு சார்.”

“போன வாரமும் இதே வாயாலதான் சொன்ன.”

ஏழு இருபத்தாறு.

கயிறின் கை சட்டைப் பைக்குப் போனது. ஃபோன் விரலில் தட்டுப்பட்டது. அதை எடுத்தால் முடிந்தது கதை. பணி நாய்க்கு வெளிவித்தை கற்றுக்கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பது முதல் நாளே கையெழுத்து வாங்கிய விதி. நாயைப் பறித்துக்கொள்வார்கள். எடுக்காவிட்டாலோ இந்த மனிதர் நம்பமாட்டார். நம்பாத ஒவ்வொரு நிமிஷமும் எண்ணூறு பேர் ஒரு நிமிஷம் பக்கத்தில் வருகிறார்கள்.

கீழே கடுகு அவன் பூட்ஸை முகர்ந்தது. கண்டுபிடித்ததற்கு ரப்பர் பந்து தர வேண்டும். இன்னும் தரவில்லை. அது ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தது.

ஃபோனை எடுத்து அதன் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

கடுகு உட்கார்ந்தது.

“கடுகு.”

தலை இடது பக்கம் சாய்ந்தது. கிழிந்த காது தொங்க, இரண்டு கண்ணும் ஃபோன் மேலேயே இருந்தன.

டைம்டேபிள் வாயைத் திறந்தபடி நின்றார். “என்னய்யா இது?”

“வீட்டுல வீடியோவுக்குச் சொல்லிக் குடுத்தது சார். ஃபோனைப் பாத்தா உக்காரும், தலைய சாய்க்கும். வியாழக்கிழமை நடந்தது இதுதான். தப்பு எங்க வீட்டோடது. இன்னைக்கு அந்த ஆள் இது மூஞ்சிக்கு நேரா ஃபோனைப் பிடிச்சார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். சாய்க்கல. ஃபோனைப் பாக்கவே இல்ல. அவரையே கேளுங்க.”

பட்டைச் சட்டை தூணைக் கட்டிப்பிடித்தபடி தலையை வேகமாக ஆட்டினான். “சாய்க்கல சார். நான்கூடக் கோவிச்சுக்கிட்டேன்.”

அதிகாரி நாயைப் பார்த்தார். கயிறைப் பார்த்தார். “உன்னை அப்புறம் வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். “ஏழு முப்பத்து மூணை வெளியிலேயே பிடி. நிலையம் மொத்தமும் காலி.”

பிறகு நடந்தவை எல்லாம் அவன் கையில் இல்லாதவை. நிலையத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், மூவாயிரம் பேர் நடுவில் நின்றான். நிற்க முடியவில்லை. பத்து எட்டு இந்தப் பக்கம், பத்து எட்டு அந்தப் பக்கம். கூடவே கடுகும் பத்து எட்டு. யாரோ திட்டினார்கள். நேர்காணலுக்குப் போக வேண்டும் என்று ஒருத்தி அழுதாள். மனைவி பதினோரு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை. என்ன சொல்வது? பையில் செருப்பு இருந்தால் நாய் போயிற்று. வெடிமருந்து இருந்தாலும் நாய் போயிற்று. எது இருக்க வேண்டும் என்று மனசு கேட்கிறது என்பதே தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி வந்ததற்கே வெட்கமாக இருந்தது.

எட்டு ஐம்பதுக்கு டைம்டேபிள் வெளியே வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாறை உடைக்கிற வெடிக் குச்சி. ஆறு. பழைய துணில சுத்தி வச்சிருக்கான். கல் குவாரி மேஸ்திரியாம். மிச்சமானதை அடுத்த குவாரிக்குக் கொண்டு போறானாம். எவன் லாரி பிடிச்சு அனுமதி வாங்குறதுன்னு ரயில்ல ஏறிட்டான். டீக்கடையிலதான் பிடிச்சோம். ரெண்டாவது டீ குடிச்சிக்கிட்டு இருந்தான், பாவி. வெயில்ல கிடந்து ரெண்டு குச்சி கசிஞ்சிருக்கு. கூட்டத்துல எவனாவது எட்டி உதைச்சிருந்தா...” அவர் குனிந்து கடுகின் தலையைத் தொட்டார். “நல்ல நாய்.”

கயிறு பந்தை எடுத்துப் போட்டான். ஒன்றரை மணி நேரம் தாமதமான பந்து. கடுகு கணக்குப் பார்க்காமல் கவ்விக்கொண்டது.

“ஆனாலும் எழுதித்தான் ஆகணும்யா,” என்றார் அதிகாரி, அவன் முகத்தைப் பார்க்காமல். “மாத்தி எழுத மாட்டேன்.”

“எழுதுங்க சார்.”

அன்று மதியமே பயிற்சிக்கூடத்து வண்டி வந்து கடுகை ஏற்றிக்கொண்டு போனது.

கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஓர் அம்மாள். ஆண் குரல், கத்தரித்த தலைமுடி. ஃபோனைப் பார்த்து உட்காரும் நாய் வேலைக்கு உதவாது, ஒரு மாதத்தில் மறக்க வைத்தால் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். கயிறு தானே செய்கிறேன் என்று முன்வந்தான்.

“நீங்க இல்ல. சொல்லிக் குடுத்தது யாரு? அந்தக் கைதான் மறக்கவும் வைக்கணும். நீங்களோ நானோ ஃபோனைத் தூக்குனா எங்ககிட்ட மட்டும் மறக்கும், அந்தக் கையை மறக்காது. வளையலோட வரச் சொல்லுங்க.”

அவள் வந்தாள். வீடியோக்களை எல்லாம் அழித்துவிட்டு வந்தாள். விதி எளிது: ஃபோனைத் தூக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, பிஸ்கட் கிடையாது. பத்து எண்ணிவிட்டு இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை.

முதல் நாள் கடுகு அவளைப் பார்த்ததும் கூண்டையே பெயர்த்துவிடும் போல் குதித்தது. அவள் ஃபோனைத் தூக்கினாள். உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. கை வரவில்லை. தப்பாகச் சாய்த்துவிட்டோமோ என்று வலது பக்கம் சாய்த்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி வணக்கம் வைத்தது. படுத்து உருண்டது. மூக்கை இரண்டு காலாலும் மூடிக்கொண்டு வெட்கப்பட்டது. ஒரு மாதமாக அவள் கற்றுக்கொடுத்த மொத்தச் சரக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடை பரப்பியது. அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பத்து எண்ணினாள். வேலிக்கு வெளியே நின்ற கயிறு ஏழுக்கு மேல் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அது என்னைத் தப்பா நினைக்குமாங்க?” என்று பேருந்தில் கேட்டாள்.

“நாய்க்கு அவ்வளவு நேரம் இல்ல.”

“உங்களுக்கு?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “எனக்கும் டூட்டி இருக்கு.”

பத்தொன்பதாம் நாள் முப்பத்து நாலாம் தடவை ஃபோன் உயர்ந்தது. கடுகு பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு போய் வேலிக் கம்பத்தை முகர ஆரம்பித்தது. பயிற்சியாளர் அம்மாள் தாளில் ஒரு கோடு போட்டார்.

“போதும், கையை இறக்கு,” என்றான் கயிறு.

“இறங்க மாட்டேங்குதுங்க.”

அவனே போய் இறக்கிவிட்டான்.

மாதம் முடியுமுன் கடுகு நடைமேடைக்குத் திரும்பியது. மூன்றாம் நாள் காலை, அதே பெஞ்சு அருகே, பட்டைச் சட்டை ஆசாமி எதிரே வந்தான். இன்று வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஏழெட்டு வயசுப் பெண், கையில் அப்பாவின் ஃபோன்.

“கடுகு! அப்பா, கடுகுப்பா!”

ஓடி வந்து ஃபோனைத் தூக்கினாள். கயிறு ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னையறியாமல் எண்ணினான்.

கடுகு அவளைத் தாண்டிப் போய், கிடந்த ஒரு பெட்டியின் பூட்டை முகர்ந்தது. அடுத்த பெட்டிக்குப் போனது. எதிலும் உட்காரவில்லை.

குழந்தையின் முகம் சுருங்கியது. “இது அது இல்லப்பா. வேற நாய்.”

அப்பாக்காரன் வாயைத் திறந்தான். கயிறு அவனைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

“ஆமா பாப்பா. வேற நாய்,” என்றான். கடுகு அடுத்த பெஞ்சுக்கு இழுத்தது. ஏழு முப்பத்து மூன்று வருவதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.