நர்சம்மா கையில் மணி

அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலையோரப் பள்ளிக்கூடம். அங்கே நர்சாக வந்த சரோஜம்மாளின் மருந்துப் பெட்டியைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கையில் மணியைக் கொடுத்தார். கேழ்வரகு அறுப்புக்கு நின்றுவிட்ட பிள்ளைகளை வீடு வீடாக மணியடித்து இழுத்துவர வேண்டுமாம்.

“நான் நர்சுங்க, சார்.”

“சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க?” அந்த மனுஷருக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்படித்தான் ஒரு நாள் சரோஜம்மாள் ரங்கம்மாவின் வாசலில் நின்று மணியடித்தாள். “உங்க பொண்ணு முனிலட்சுமி எங்கே?”

“மாடு ஓட்டிக்கிட்டுப் போயிருக்குதும்மா,” என்று ரங்கம்மா வாசலை மறித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ முனகல் கேட்டது. பூனையாக இருக்கும் என்று சரோஜம்மாள் மணியை ஆட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து முனிலட்சுமி காய்ச்சலில் இறந்துபோன சேதி வந்தது. ஓடினாள். தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிள்ளையை இப்போது வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

“காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ரங்கம்மா? நான் நர்சாச்சே!”

ரங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

“நெசமாவாம்மா? நீங்க புள்ளை புடிக்கிற அம்மான்னுதானே இருந்தேன். நர்சுன்னு எனக்கு ஆரு சொன்னாங்க?”