இட்லிப் பானையில் புல்லி

கிருஷ்ணப்பிரியா என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் மனோகரன் அதைச் சொல்லும் விதம்தான் குறை. தெருவில் இருக்கிற அத்தனை பேரின் பெயரையும் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிற மனுஷன் அவர். சாமுண்டீஸ்வரி என்ற என் பெயரை ‘ஈசு’ என்று மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர். அவளுடைய பெயரை மட்டும் ஓர் எழுத்து குறையாமல் சொல்வார். “கிருஷ்ணப்பிரியா வராங்கோ” என்பார். வராங்கோவாம்.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி என் மாமனாருக்குக் கழனி இருந்தது. அதெல்லாம் மனையாகிப் போய், மிச்சம் விழுந்த துண்டில் முன்னால் வீடு, பின்னால் ஷெட். ஷெட்டில் மெக்கானிக் அவர் ஒருவர்தான். இரண்டாவது ஆள் நான். பெயர்ப் பலகையில் என் பெயர் கிடையாது. ஆனால் லைட் பிடிப்பது நான். அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினால், அந்தக் கை திரும்பியிருக்கிற விதத்தைப் பார்த்தே ஸ்பேனரா, ஸ்க்ரூ டிரைவரா என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. லைட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தோம். சண்டை போட்ட நாட்களிலும் பிடித்திருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன், வெளிச்சம் மட்டும் காட்டுவேன். உலகத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது என்றால் அது அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது அங்கே அவள் நின்றாள்.

ஈரோட்டுப் பெண். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட், ஐ.டி.யில் வேலை. யாரோ வெளிநாட்டிலிருந்து இறக்கி, ஓட்டிச் சலித்துப்போய் விற்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வைத்திருந்தாள். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. தரையோடு தரையாகத் தவழ்கிற அந்தக் காரை எங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்குவதற்குள் ஒரு பிரசவமே பார்த்துவிடலாம். என்ஜினுக்குள் காற்றைத் திணித்து அடிக்கிற சூப்பர்சார்ஜர் என்று ஒன்று அதில் இருந்தது. ஒரு பெல்ட்தான் அதைச் சுற்றுகிறது. பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், கார் பறக்கும். இதை அவர் எனக்குச் சோறு தின்றுகொண்டே விளக்கினார்.

“அது ஏன் பறக்கணும்? போரூர் சிக்னல்ல நிக்கத்தான போவுது?” என்றேன்.

“அது அவுங்க ஆசை” என்றார்.

என்னுடைய எந்த ஆசைக்கும் அவர் இவ்வளவு மரியாதை கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவாள். வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமாம், கற்றுக்கொள்ள வேண்டுமாம். முதலில் ஓரமாக நின்றாள். அடுத்த தடவை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கடுத்த தடவை நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது லைட் அவள் கையில் இருந்தது. “நீ போய்ப் படுத்து ரெஸ்ட் எடு ஈசு” என்றார் இவர். நான் எப்போது ரெஸ்ட் கேட்டேன்? அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டாள், என்னை ‘அக்கா’ என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டாள். அதனாலெல்லாம் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

புல்லி மாற்றிய ஞாயிற்றுக்கிழமை நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சமையலறைத் தொட்டியில்தான் கழுவுவேன். அங்கிருந்து பார்த்தால் ஷெட் தெரியாது.

நீளக் கம்பியை மாட்டி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை அவர் பின்னால் தள்ளினார். அது திரும்பி வந்துவிடாமல் அதிலிருந்த ஓட்டையில் ஒரு பின்னைச் சொருகியவள் அவள். பெல்ட் கழன்றது. அடுத்தது பழைய புல்லி. சூப்பர்சார்ஜரின் தண்டோடு இறுகிக் கிடக்கும் அது. சாதாரண மூன்று கால் புல்லரைப் போட்டு இழுத்தால் விளிம்பு உடையும். சுத்தியால் தட்டினால் உள்ளே இருக்கிற பேரிங் போய்விடும். அதனால் புல்லியின் முதுகை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி, பாடி வரைக்கும் போய் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லித் தனியாக ஒரு புல்லர் செய்து வாங்கியிருந்தார். எந்தச் சாமான் வாங்கி வந்தாலும் முதலில் அடுப்படிக்கு வந்து என்னிடம் காட்டுகிற ஆள். இந்தப் புல்லரை நான் படியில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்த்தேன்.

நடு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். டக்கென்று ஒரு சத்தம். புல்லி கையோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு சங்கரா மீனின் தலையைத் தேவைக்கு மேலே வெட்டிவிட்டேன்.

பிறகு அவள் பொடி உப்புத்தாளை எடுத்துத் தண்டைத் தேய்த்தாள், தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாள். சுத்தமாகத்தான் செய்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேலை தெரியாதவளாக இருந்திருந்தால் மனதார மன்னித்திருப்பேன்.

அவர் என் படிக்கு வந்தார். “ஈசு, இட்லிப் பானைய அடுப்புல ஏத்தேன். புதுப் புல்லிய ஆவில வெச்சிச் சூடு பண்ணணும். சூடானா ஓட்ட கொஞ்சம் விரியும், தண்டுல ஈசியா ஏறிக்கும்.”

“இன்னாது? அவ கார் சாமானுக்கு என் இட்லிப் பானையா?”

“புத்தம் புதுசும்மா. கழுவிட்டன்.”

“ஏத்த மாட்டேன். பான வேணும்னா அவுங்க ஊட்லேர்ந்து எடுத்தாரச் சொல்லு.”

அவள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். விழுந்தது. ஆனால் அவள் முகம் சுண்டவில்லை. “பரவாயில்லீங்க்கா, நான் ஆர்டர் போட்டுர்றேனுங்க” என்று போனை எடுத்தாள். நான் மீனுக்கு மசாலா தடவி முடிப்பதற்குள் ஸ்கூட்டரில் ஒருவன் வந்து நின்றான். புது இட்லிப் பானை ஒன்று, கரண்ட் அடுப்பு ஒன்று. அவள் ஷெட்டின் பிளக்கில் அடுப்பைச் சொருகி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பானையில் தண்ணீர் ஊற்றினாள்.

லைட் பிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் ஷெட்டில் இன்னொருத்தி அடுப்பு வைப்பதை எப்படிப் பொறுப்பது? என் பானையை நான் ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியிருந்தேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செய்வது என் வழக்கம், அவருக்கும் அது தெரியும். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே துணி போட்டுத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய பானைக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தேன்.

“அந்த மூடி லூசு. ஆவி நிக்காது. இத்த வை” என்றேன்.

“தேங்க்ஸுங்க்கா” என்று அவள் தன் பானையை இறக்கிவிட்டு, அந்த அடுப்பில் என் பானையை வைத்தாள். சண்டைக்கே வராத பெண்ணோடு எப்படித்தான் சண்டை போடுவது!

இட்லித் தட்டின் குழியில் புல்லி உட்கார்ந்தது. அது சூடேறும் நேரத்தில் அவர் தண்டின் நுனியிலிருந்த மரை ஓட்டையில் ஒரு நீள போல்ட்டைத் திருகி வைத்தார். சூடான புல்லியை ஒருவர் எடுத்து, ஈரம் துடைத்து, தண்டில் நேராக வைத்துப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் மறுபடி இறுகிவிடும் என்பதால் சட்டென்று செய்ய வேண்டும். இவர் உடனே போல்ட்டில் நட்டைப் போட்டு முறுக்குவார். நட்டு இறங்க இறங்கப் புல்லியும் உள்ளே போகும்.

“கிருஷ்ணப்பிரியா, நீங்க க்ளவுஸ் போட்டுக்குங்கோ” என்றார்.

“நான் வெக்கிறேன்” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் மாட்டப்போன க்ளவுஸை என்னிடம் நீட்டினாள். “இதப் போட்டுக்கோங்க்கா, சுட்டுரும்.”

“தெனம் இட்லி எடுக்குற கைக்கு க்ளவுஸ் இன்னாத்துக்கு?” என்று சொல்லிவிட்டு, பானை தூக்கிய ஈரத்துணியாலேயே புல்லியை எடுத்தேன்.

அவள் எங்களுக்கு எதிரே போய், ஒரு கையில் லைட்டையும் இன்னொரு கையில் போனையும் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். நான் புல்லியின் உள்பக்கத்தைத் துடைத்துத் தண்டில் வைத்தேன். லேசாகக் கோணியது. வெறும் விரலால் நிமிர்த்தினேன். வழுக்கிக்கொண்டு கால்வாசி தானாக ஏறியது. அவர் நட்டைப் பிடித்துவிட்டார். முறுக்க முறுக்கப் புல்லி உள்ளே போய், பழைய புல்லி நின்ற அதே இடத்தில் நின்றது. பிறகு அளவில் சின்னதாக வாங்கியிருந்த புதுப் பெல்ட்டை மாட்டி, பின்னை உருவினார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் புது மாதிரியாக ஊளையிட்டது. அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன்.

“ஓட்டிப் பாக்கணும். பெல்ட் வழுக்குதான்னு சத்தம் கேக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அவர், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு சீட்டு வைத்துக் கார் செய்தவன் நல்லா இருப்பானா? குடும்பம் குட்டி இல்லாதவனாகத்தான் இருப்பான். “அக்கா, வீடியோ உங்களுக்கு அனுப்பிட்டேனுங்க” என்று அவள் கத்தினாள். அடுத்த நொடி சிவப்புக் கார் வெளிவட்டச் சாலைப் பக்கம் பறந்துவிட்டது. மூன்றாவது ஆளாக நான் நின்றேன், என் சொந்த ஷெட்டில்.

மீன் குழம்பு கொதித்தது. இறக்கினேன். சோறு வடித்தேன். அவர்கள் வரவில்லை. பெல்ட் சத்தம் கேட்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? பூந்தமல்லி வரைக்கும் போனாலும் இந்நேரம் திரும்பியிருக்கலாம். இப்போது எங்காவது நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் அவளுக்கு ஏதாவது விளக்கிக்கொண்டிருப்பார். என்னிடம் விளக்குகிறபோது வாயில் சோறு இருக்கும், அவளிடம் விளக்குகிறபோது இருக்காது.

போனை எடுத்தேன். வீடியோவைத் திறந்தது வேலையைப் பார்க்க இல்லை. இவர் அவளை எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கத்தான். பார்வை அவள் பக்கம் ஒரு தடவை போயிருந்தால்கூடப் போதும், ராத்திரி வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

ஓடவிட்டேன். அவள் எதிரே நின்று எடுத்ததால் இரண்டு பேரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. அவர் போன் பக்கமே திரும்பவில்லை. புல்லியைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஈசு, சுடுதா?” என்று கேட்கிறார். அவளை இல்லை, என்னை. நட்டை முறுக்கிக்கொண்டே மறுபடி, “ஈசு, கைய எடுத்துரு, நான் புடிச்சிக்கினேன். கைய எடு” என்கிறார். நான் எடுக்கவில்லை. இதெல்லாம் அவர் பேசியதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

ஏனென்றால் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை அவளை மட்டும். அவள்தான் போனுக்குப் பின்னால் நின்றாள். அதனால் படத்தில் நான் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறைப்பு என்றால் அப்படியொரு முறைப்பு. பக்கத்தில் ஒரு மனுஷன் இரண்டு தடவை கூப்பிடுகிறான், அது காதிலேயே விழாத ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளை வேறு யாரோவாக இருந்திருந்தால், என்ன ஜென்மமோ என்று சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் விரல் எரிய ஆரம்பித்தது. பார்த்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து, நுனியில் கொப்புளமே எழும்பியிருந்தது. அந்தக் கையால்தான் இவ்வளவு நேரம் சோறு வடித்திருக்கிறேன்.

வாசலில் ஊளைச் சத்தம் கேட்டது. கார் நின்றது. அவர் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு சின்ன காகிதப் பை. “கைய காட்டு” என்றார்.

அவள் பின்னாலேயே வந்தாள். “மெடிக்கல் தேடித்தான் லேட்டாயிருச்சுங்க்கா. ஞாயித்துக்கிழமையில்லீங்களா, ரெண்டு கட பூட்டியிருந்துச்சு. அண்ணா பெல்ட் சத்தத்தக் கேக்கவே இல்லீங்க. ஈசு கைய சுட்டுக்கிட்டா, ஈசு கைய சுட்டுக்கிட்டான்னு அதையேதான் சொல்லிட்டு வந்தாருங்க.”

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கினாள். மருந்து டியூபின் மூடியைத் திறந்து, பஞ்சைத் தொடுகிற மாதிரி மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“நீ உடும்மா” என்றேன். “அவரு போடட்டும்.”